மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால்?



இம்மாதம் உங்களோடு வண்ணங்களைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். போதகருக்கும் வண்ணக் கிண்ணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வியக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கக் கற்றுக்கொடுக்கப் போய், நான் ஒரு பிள்ளையின் மனதைக் காயப்படுத்திவிட்டேன். அந்தக் காயத்தை ஆற்ற முயன்றபோது, கர்த்தர் எனக்கே ஒரு பாடம் கற்றுக்கொடுத்தார். வளரும் பிள்ளைகளையுடைய பெற்றோருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் அது பிரயோஜனமாயிருக்கும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

2023-ம் ஆண்டு மே மாதம், மும்பை தாராவியிலுள்ள எங்கள் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. இரும்பு ஏணிப்படிகளில் ஏறித்தான் எங்கள் ஆராதனைக் கூடத்துக்கு வரவேண்டும். மேலே தகரக் கூரை. மே மாத வெயிலில் மின்விசிறிகளும் அனலையே வீசும். அப்படியிருந்தும் பிள்ளைகள் காலை 9 மணிக்கே வந்து பாய்களில் அமர்ந்துவிடுவார்கள். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் சகோதரி, தாயாரின் சுகவீனத்தால் திடீரென ஊருக்குப் போக நேர்ந்தது. அந்த வகுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு பிரசங்கத்துக்கு நாள்கணக்காக ஜெபித்து ஆயத்தப்படவேண்டும் என்று வேதாகமக் கல்லூரியில் கற்றவன் நான். ஆனால் அன்று, சின்னப் பிள்ளைகள்தானே, ஆயத்தம் எதற்கு என்று எண்ணிவிட்டேன். என் முதல் தவறு அதுவே.

அன்றைய பாடம் நோவாவும் வானவில்லும். ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தின் சம்பவத்தைக் கதையாகச் சொல்லி முடித்து, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நான்கு போஸ்டர் கலர் பாட்டில்களை எடுத்து வைத்தேன். வெள்ளைத் தட்டில் மஞ்சளை ஊற்றி, அதில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்தேன். பச்சை பிறந்தது. "ஹரா! ஹரா!" என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். மஞ்சளோடு சிவப்பைச் சேர்த்தேன். "நாரங்கி!" என்றார்கள். சிவப்போடு நீலத்தைச் சேர்த்து ஊதாவைக் காட்டியபோது, "ஜாமுனி!" என்றான் ஒருவன். பெற்றோர் தமிழராயினும் நம் பிள்ளைகளுக்கு வண்ணங்களின் பெயர்கள் முதலில் இந்தியிலேதான் வாயில் வருகின்றன. செம்மஞ்சள், ஊதா என்று நான் சொல்லிக்கொடுக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"பிள்ளைகளே, சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய இந்த மூன்றும் தாய் வண்ணங்கள். மற்றவையெல்லாம் இவற்றிலிருந்து பிறக்கும். ஆனால் உலகத்தில் எந்த இரண்டை எப்படிச் சேர்த்தாலும் சிவப்பு மாத்திரம் வராது" என்றேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு சிறு கை உயர்ந்தது. தகப்பனோடு வாழ்வதற்காகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தன் ஆச்சியோடு அப்பொழுதுதான் வந்திருந்த ஆறு வயதுப் பெண் பிள்ளை அவள். இந்தி தெரியாததால் மற்றவர்களோடு அதிகம் பேசமாட்டாள். அன்றுதான் முதன்முதலாக வகுப்பில் வாய் திறந்தாள்.

"ஐயா, மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தா சிவப்பு வரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வராது, பாப்பா" என்றேன். "வரும் ஐயா, நான் பார்த்திருக்கேன்" என்றாள். நான் தட்டில் மஞ்சளையும் வெள்ளையையும் ஊற்றிக் கலந்தேன். வெளிர்மஞ்சள்தான் வந்தது. "பார்த்தாயா? தேவனுடைய ஆலயத்தில் பொய் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இரவு உணவின்போது, வேடிக்கையான செய்தி ஒன்றைச் சொல்வதுபோல இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சற்று நேரம் யோசித்தாள். எழுந்து கீழே போனாள். எங்கள் தெருமுனைப் பான் கடைக்குப் பாஸ்டரம்மா அந்நேரத்தில் போனதைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் அறியேன். சிறிது சுண்ணாம்பு வாங்கி வந்தாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதில் சுண்ணாம்பைச் சேர்த்து, கரண்டிக் காம்பால் கலந்து என் முன்னே வைத்தாள். செக்கச்செவேல் என்றிருந்தது.

"போன வருஷம் உங்கள் கணுக்கால் பிசகினபோது ஒரு வாரம் இந்தப் பற்றைப் போட்டுக்கொண்டுதானே படுத்திருந்தீர்கள்? சுண்ணாம்பு என்ன நிறம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தாயார் எனக்குப் போட்ட பற்று. என் காலிலேயே இருந்த சிவப்பு. சமையல்மஞ்சள் கறைபட்ட வெள்ளைச் சட்டையில் துணிசோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பதை நம் வீட்டுத் தாய்மார் யாவரும் அறிவார்கள். அந்தப் பிள்ளை தன் கண்ணால் கண்டதைச் சொன்னாள். நானோ காணாததை உறுதியாகச் சொன்னேன். பொய் சொன்னது யார்?

பிரியமானவர்களே, அன்றிரவு நான் என்னையே ஆராய்ந்து பார்த்தேன். வேத வசனத்தை அதிகாரத்தோடு பேசவேண்டும் என்று பழகிய நாவு, தனக்குத் தெரியாத காரியங்களிலும் அதே தொனியில் பேசப் பழகிவிடுகிறது. பிரசங்க பீடத்தின் குரலை வீட்டுக்கும் வகுப்புக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். போதகருக்கு மாத்திரமல்ல, தகப்பனுக்கும் தாய்க்கும் இந்த ஆபத்து உண்டு. முழுவதும் கேட்பதற்கு முன்னே பதில் கூறுவது மூடத்தனமும் வெட்கமும் என்று நீதிமொழிகள் 18-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. அதன்மேல் நான் பிரசங்கம் செய்திருக்கிறேன், ஆயினும் ஆறு வயதுப் பிள்ளையிடம், "எங்கே பார்த்தாய், பாப்பா?" என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, மேலே ஏற ஓர் இரும்பு ஏணி. என்னைக் கண்டதும் பிள்ளை ஆச்சியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆச்சி வருத்தத்தோடு, "பொய் சொல்றவ ஆலயத்துக்கு வரக்கூடாதுன்னு அழுறா, ஐயா" என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

நான் தரையில் அமர்ந்து, "மகளே, நீ சொன்னதுதான் உண்மை. உன்னைப் பொய் சொன்னதாகச் சொன்னது என் தவறு. ஐயாவை மன்னிப்பாயா?" என்று கேட்டேன்.

அவள் ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இதை எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்திவிட்டு, ஒருவரும் காணாத இடத்தில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். எவர் முன் காயப்படுத்தினோமோ அவர் முன்னேதான் கட்டவேண்டும் என்று ஒரு குழந்தை எனக்கு உணர்த்தினாள். "சொல்லுவேன்" என்று வாக்களித்தேன்.

அதற்குள் அவளுடைய தகப்பன் வேலையிலிருந்து வந்தார். ஓர் அச்சகத்தில் இயந்திரப் பிரிவில் வேலை செய்கிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "பாஸ்டர், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?" என்று தயங்கினார். "எங்கள் அச்சகத்தில் நான்கு வண்ண வேலைக்குச் சிவப்பு மையே கிடையாது" என்றார்.

ஒரு பிஸ்கட் உறையை எடுத்துப் பிரித்து, அதன் மடிப்பில் இருந்த சிறு வண்ணக் கட்டங்களைக் காட்டினார். பச்சை கலந்த வெளிர்நீலமாகிய சயான், ரோஜா நிறம்போன்ற மஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே மைகள். மஜெண்டாவின்மேல் மஞ்சள் விழுந்தால் சிவப்பு. சயானின்மேல் மஜெண்டா விழுந்தால் நீலம். ஆக, எந்த இரண்டைச் சேர்த்தாலும் சிவப்பு வராது என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னது அச்சகத்திலும் தவறு, அடுப்பங்கரையிலும் தவறு. வண்ண அட்டையுள்ள எந்தப் பத்திரிகையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். இந்த மைகளின் நுண்புள்ளிகளைக் காண்பீர்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில், பெற்றோரும் கூடியிருக்க, அந்தப் பிள்ளையை முன்னே அழைத்தேன். "இவள் சொன்னது உண்மை. ஐயா கேளாமல் பேசிவிட்டேன். ஐயாவை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவள் மஞ்சள் கரைசல் இருந்த கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொள்ள, ஆச்சி ஒரு குச்சியால் சுண்ணாம்பைத் தொட்டு அதில் கலக்கினார்கள். சிவந்தது! முன்பு சிரித்த பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆச்சி அதோடு நிற்கவில்லை. "இன்னும் பாருங்க" என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டார்கள். சிவப்பு மறைந்து மறுபடியும் மஞ்சளானது. அந்தக் கூடத்தில் என் பிரசங்கம் எதற்கும் அப்படியோர் ஆரவாரம் எழுந்ததில்லை.

அதன்பின் நான் சற்று வாசித்துத் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன். நீலச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் சிவப்புப் பகுதியை விழுங்கிவிடும். மஞ்சள் சாயம் நீலப் பகுதியை விழுங்கிவிடும். இரண்டும் விழுங்காமல் மீதம் விடுவது பச்சையே. ஆகவேதான் கலவை பச்சையாகத் தெரிகிறது. இங்கே எந்தச் சாயமும் தன் இயல்பை இழப்பதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதோ வேறு காரியம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள், சுண்ணாம்பின் காரத்தால் தானே உள்ளுக்குள் மாறிச் சிவக்கிறது. புளிப்புப் பட்டால் திரும்புகிறது. முன்னது கலப்பு, பின்னது மாற்றம்.

ஒளியின் கணக்கு வேறு. சர் ஐசக் நியூட்டன் 1660-களில் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தி, வெள்ளொளிக்குள்ளே வானவில்லின் நிறங்கள் யாவும் அடங்கியிருப்பதைக் காட்டினார். அதைக் குறித்த அவருடைய நூல் 1704-ல் வெளிவந்தது. உங்கள் கைபேசியின் வெள்ளைத் திரையில் மிகச் சிறிய ஒரு துளி தண்ணீரை வைத்து உற்றுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் புள்ளிகள் தென்படும். சாயங்களைச் சேர்க்கச் சேர்க்க இருள் கூடும். ஒளிகளைச் சேர்க்கச் சேர்க்க வெண்மை கூடும்.

இவற்றையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற பெட்டி வண்ணங்களே போதும். ஆனால் "எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லாதிருங்கள். "இந்தப் பெட்டியில் உள்ளவற்றைக் கலந்தால் என்ன வருகிறது, பார்ப்போமா?" என்று தொடங்குங்கள்.

நகரத்தில் ஒரே அறையில் வாழ்கிற நமக்கு, பாயில் சாயம் கொட்டிவிடுமோ என்ற பயம் உண்டு. அதற்கு ஒரு வழி சொல்லுகிறேன். வாயை இறுக மூடக்கூடிய பிளாஸ்டிக் உறையில் ஒரு கரண்டி மஞ்சள் சாயத்தை ஒரு மூலையிலும், சில துளி நீலத்தை மறு மூலையிலும் விட்டு மூடிவிடுங்கள். பிள்ளை விரலால் வெளியிலிருந்து அழுத்தி அழுத்திக் கலக்கட்டும். கை அழுக்காகாது, பச்சை பிறப்பதை மாத்திரம் அது காணும்.

எப்பொழுதும் வெளிர்ந்த வண்ணத்தை முதலில் வைத்து, அடர்ந்த வண்ணத்தைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் புட்டியே தீர்ந்தாலும் நல்ல பச்சை வராது. ஊதாவுக்குப் பதிலாகப் பழுப்பு வந்தால் பிள்ளையைக் குறைகூறாதிருங்கள். அந்தச் சிவப்பிலே மஞ்சள் கலந்திருக்கும். கிரிம்சன் என்று எழுதப்பட்ட சிவப்பை வாங்குங்கள். மூன்றையும் கலந்தால் பழுப்பு வரும். அதையும் "கெட்டுப்போயிற்று" என்று சொல்லாமல், "மண் நிறம் கிடைத்துவிட்டது, மரத்தடி வரையலாம்" என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். கலக்குவதற்கு முன்னே, "என்ன வரும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்; பதிலைக் காத்திருந்து கேளுங்கள்.

வண்ணப் பெயர்களைத் தமிழிலும் சொல்லிக்கொடுங்கள். கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், பாக்கு நிறம், வான் நீலம் என்று ஊரில் நம் தாய்மார் புடவைக் கடையில் சொன்ன பெயர்கள் எத்தனை அழகானவை! நம் பிள்ளைகள் கத்தரிச் செடியில் பூவைக் கண்டிருக்கமாட்டார்கள். பெயரைச் சொல்லும்போது ஊரையும் சேர்த்துச் சொல்லுகிறோம்.

சுண்ணாம்பை மாத்திரம் பிள்ளைகள் கையில் கொடாதிருங்கள். அது கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும். மஞ்சள் தண்ணீரில் துணிசோப்புத் தண்ணீரைச் சேர்த்துக் காட்டினாலே போதும், அதுவும் சிவக்கும்.

இன்னொன்று. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே வேறுபடுத்தித் தெரியாது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். உங்கள் மகன் இலைக்குப் பழுப்பும் மண்ணுக்குப் பச்சையும் தீட்டிக்கொண்டேயிருந்தால், அவனை அடிக்காதிருங்கள். கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தான் கண்டதையே அவன் தீட்டியிருக்கலாம்.

அன்பானவர்களே, யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில் கர்த்தர் பெசலெயேலைத் தம்முடைய ஆவியினால் நிரப்பினார் என்று வாசிக்கிறோம். அவன் பிரசங்கியல்ல, நீல நூலும் இரத்தாம்பர நூலும் சிவப்பு நூலும் கையாளுகிற கைவேலைக்காரன். 35-ம் அதிகாரத்தில், பிறருக்குப் போதிக்கும் வரத்தையும் கர்த்தர் அவனுக்கு அருளினதாகக் காண்கிறோம். ஆகவே பிள்ளையின் கைபிடித்து வண்ணம் கலக்கக் கற்றுக்கொடுப்பதும் ஆவியானவரின் துணை தேவைப்படுகிற ஊழியமே. இனி அந்த வகுப்புக்கும் ஜெபித்து ஆயத்தப்பட்டே செல்லுகிறேன்.

ஏலியையும் நினைத்துப் பாருங்கள். ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளை அவன் வெறித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். அவள் பொறுமையாய் உண்மையைச் சொன்னபோது, தன் தவறை விட்டு அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். ஆசாரியனும் தவறலாம். ஆனால் அன்னாள் வாய் திறந்து பதில் சொல்லும் வயதுடையவள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பலம் ஏது? அது வீட்டில் இருந்துவிடும், அவ்வளவுதான். நாம் தேடிப் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று நமக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். சிறியவரில் ஒருவருக்கு இடறல் உண்டாக்குவதைக் குறித்து மத்தேயு 18-ம் அதிகாரத்தில் ஆண்டவர் எவ்வளவு கடுமையாய்ப் பேசினார் என்பதை நான் நடுக்கத்தோடே வாசிக்கிறேன்.

ஊரிலிருந்து நகரத்துக்கு வந்த பிள்ளைகள் நம்மிடையே அநேகர். அவர்களுக்கு நகரத்துக் கல்வி தெரியாதிருக்கலாம். ஆனால் ஆச்சியின் அடுப்பங்கரையிலும் வயல்வரப்பிலும் கண்டது அவர்கள் கண்ணில் இருக்கிறது. அதை நாம் பொய் என்று சொல்லிவிட்டால், அடுத்தமுறை அவர்கள் உண்மையைச் சொல்லவும் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளை இப்பொழுதும் ஞாயிறு பள்ளிக்குத் தவறாமல் வருகிறாள். முன் வரிசையில்தான் அமர்கிறாள். நான் ஏதாவது ஒன்றை மிகவும் உறுதியாகச் சொன்னால், கையை உயர்த்தி, "ஐயா, பார்த்துட்டுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்கிறாள். பார்த்திருந்தால் பார்த்தேன் என்கிறேன். இல்லையென்றால், "இல்லை மகளே, வா, பார்ப்போம்" என்கிறேன்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.